சோற்றில் கை வைத்ததும் வீங்கும் தாடை

இலையில் எலுமிச்சை ஊறுகாயை வைத்ததுமே சிலருக்குத் தாடைக்கு அடியில் சுருக்கென்று இழுக்கும். முதல் கவளம் உள்ளே போவதற்குள் அந்த இடம் புடைத்துக்கொண்டு, தொட்டால் வலிக்கும். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக வடிந்துவிடும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அடுத்த வாரமோ அடுத்த மாதமோ மறுபடி அதே இடம், அதே இழுப்பு.

இப்படி வந்து வந்து போகும் உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கத்தோடு காலம் தள்ளுகிறவர்களுக்கானது இந்த அத்தியாயம். அவர்களில் பலர் நடந்து வந்த பாதை ஒன்றுதான். முதல் தடவை பல்வலி என்று நினைத்துப் பல் மருத்துவரிடம் போவார்கள். இரண்டாவது தடவை வீட்டுப் பெரியவர்கள் தொட்டுப் பார்த்து 'நெறி கட்டியிருக்கு' என்பார்கள். மூன்றாவது தடவை தெருமுனை மருந்துக்கடையில் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் வாங்குவார்கள். வீக்கம் வடியும். மாத்திரை சாப்பிடாவிட்டாலும் பல சமயம் அது வடிந்திருக்கும். நல்ல பெயர் மட்டும் மாத்திரைக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு வீக்கத்தையும் புதிய நோயாக நடத்துவதுதான் இதில் நடக்கும் பெரிய கோளாறு. இருப்பது ஒரே கோளாறு, அது அவ்வப்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். ஆகவே வைத்தியத்தின் பெரும்பகுதி வீக்கம் இல்லாத நாட்களில் நடக்க வேண்டியது.

பொன்னுக்கு வீங்கியா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். இலங்கையில் கூகைக்கட்டு என்பார்கள். அது வைரஸ் காய்ச்சல். ஒரு முறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி தங்கிவிடும். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடும் வழக்கத்தால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் 'எங்கள் பையனுக்கு மூன்றாவது தடவையாகப் பொன்னுக்கு வீங்கி' என்று யாராவது சொன்னால், அது பொன்னுக்கு வீங்கி அல்ல என்று வைத்துக்கொண்டு வேறு காரணம் தேடத் தொடங்குவதே சரி.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தில் படர்ந்திருப்பது பரோட்டிட். தாடை எலும்புக்கு உள்பக்கம் அடியில் இருப்பது சப்மாண்டிபுலர். நாக்குக்கு அடியில் இருப்பது சப்லிங்குவல். ஸ்கேன் அறிக்கையில் இந்தப் பெயர்கள்தான் வரும் என்பதால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இவை போக, உதடு, கன்னம், அண்ணம் முழுவதும் நூற்றுக்கணக்கான பொடிச் சுரப்பிகள் உண்டு. எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது.

கையில் ஒரு சிறு டார்ச்சும் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். கன்னத்தை விரலால் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்தால், மேல்வரிசையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேர் எதிரே, கன்னத்தின் உட்பக்கத்தில், ஒரு சிறிய மேடு தெரியும். பரோட்டிட் சுரப்பியின் குழாய் திறக்கும் வாய் அது. அடுத்து நாக்கை அண்ணத்தோடு ஒட்டித் தூக்குங்கள். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு நிற்கும். அதன் அடியில், கீழ்ப் பற்களுக்குப் பின்னால், இருபுறமும் இரண்டு பொடி முடிச்சுகள். தாடையடிச் சுரப்பியின் எச்சில் அங்கே வந்து இறங்குகிறது. சுத்தமான துணியால் அந்த இடத்தை ஒற்றி உலர்த்திவிட்டு, வெளியே தாடைக்கு அடியில் பின்னிருந்து முன்னாக மெதுவாக அழுத்திப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் சுரப்பி என்றால் தண்ணீர் போலத் தெளிவான ஒரு துளி முளைக்கும். கலங்கலாகவோ மஞ்சளாகவோ வந்தால் கிருமி புகுந்திருக்கிறது. ஒரு பக்கம் துளி வந்து, வீங்கும் பக்கம் ஒன்றும் வராவிட்டால் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் கையுறை போட்டுக்கொண்டு முதலில் செய்வதும் இதைத்தான்.

கன்னத்துக் குழாயை ஸ்டென்சன் நாளம் என்றும் தாடையடிக் குழாயை வார்ட்டன் நாளம் என்றும் மருத்துவர்கள் எழுதுவார்கள். லண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன் 1656-இல் தம் நூலில் இரண்டாவதை விவரித்தார். முதலாவதை, நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க் மாணவர் 1660-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்க்கும்போது கண்டார். பிற்காலத்தில் பாறை அடுக்குகளை ஆராய்ந்து நிலவியலுக்கு அடித்தளம் போட்டவரும் அவரே.

நெறி கட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வது பல நேரம் எளிது. நெறி, அதாவது நிணநீர்க் கட்டி, சாப்பாட்டுக்குக் கட்டுப்படாது. தொண்டைப்புண், சொத்தைப் பல், தலையில் புண் என்று ஏதாவது இருந்தால் வரும். வந்தால் நாட்கணக்கில் நிற்கும். சாப்பாட்டு நேரத்தில் ஏறி, பிறகு இறங்குகிற வீக்கம் சுரப்பியுடையது.

ஏன் திரும்பத் திரும்ப?

வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலில் ஓர் இடம் தூர்ந்துபோனால், மடை திறக்காத வரை எதுவும் தெரியாது. திறந்ததும் கரை உடைகிற மாதிரி தண்ணீர் ஏறி நிற்கும். சுரப்பியிலும் நடப்பது இதுதான். புளிப்பையோ வாசனையையோ கண்டதும் எச்சில் வேகமாகச் சுரக்கிறது. குழாய் அடைபட்டிருந்தால் போக வழியில்லாமல் சுரப்பி உப்புகிறது. பிறகு சுரப்பு தணிய, தேங்கியது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேற, வீக்கம் வடிகிறது. சில சமயம் திடீரென்று வாயில் உப்புக் கரிக்கும் நீரோ கெட்ட வாடை அடிக்கும் நீரோ பீய்ச்சி, அந்தக் கணமே வலி விட்டுப்போகும். அடைப்பு விலகியதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. தேங்கி நின்ற எச்சிலில் வாயிலுள்ள கிருமிகள் குழாய் வழியே ஏறிக்கொண்டால்தான் காய்ச்சல், சிவப்பு, சீழ் எல்லாம்.

அடைப்புக்கு முதல் காரணம் கல். பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட கற்கள் தாடையடிச் சுரப்பியில்தான் உருவாகின்றன. அங்கே ஊறும் எச்சில் கொழகொழப்பானது, கால்சியம் அதிகம். குழாயும் நீளம், அதுவும் கீழிருந்து மேல் நோக்கி ஏறுகிறது. கல் மெதுவாகத்தான் வளரும், ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். எனவே இன்று வலிக்கும் கல் சில ஆண்டுகளாகவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கல் என்ற சொல்லைக் கேட்டதும் பாலையும் தயிரையும் நிறுத்திவிட்டு வாழைத்தண்டுச் சாற்றில் இறங்குகிறவர்கள் நிறைய. சிறுநீரகக் கல்லுக்குச் சொன்னதை அப்படியே இதற்கும் எடுத்துக்கொள்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் கால்சியம் சரியான அளவிலேயே இருக்கும். பாலை நிறுத்தியதால் எச்சில் கல் கரைந்ததாக எந்த ஆதாரமும் இல்லை. வாழைத்தண்டுச் சாறு குடித்தால் நீர்ச்சத்து சேரும், நல்லதுதான், கல் கரையாது. கரைக்கும் மாத்திரை என்று எதுவும் இன்று வரை கிடையாது. பீர் குடித்தால் அடித்துக்கொண்டு போய்விடும் என்பவர்களை விட்டு விலகியே இருங்கள். மது உடம்பில் இருக்கிற நீரையும் வற்றடிக்கும்.

கல் இல்லாமலும் குழாய் சுருங்கியிருக்கலாம். கன்னத்துச் சுரப்பியில் இது அதிகம். குழாய் நன்றாகவே இருந்து, எச்சில் ஊறுவது குறைந்தாலும் தேக்கம் உண்டாகும். இந்த மூன்றாவது காரணம் நம் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வீங்கிய அன்று

சாப்பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். துணியை வெதுவெதுப்பான நீரில் முக்கிப் பிழிந்து பத்து நிமிடம். சட்டியில் வறுத்த உப்பைத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடமும் சரிதான், ஆனால் முதலில் உள் முழங்கையில் வைத்துச் சூடு பாருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு உணர்ச்சி மங்கியிருந்தால் தோல் வெந்தது தெரியாமலே போகும். சுண்ணாம்பு குழைத்துப் பற்றுப் போடுவது வேண்டவே வேண்டாம். தோலைப் பொசுக்கும், உள்ளே சிவந்திருக்கிறதா, சீழ் கட்டுகிறதா என்று மருத்துவர் பார்ப்பதற்கும் இடைஞ்சல்.

ஒத்தடத்துக்குப் பிறகு நீவுதல். கன்னச் சுரப்பி என்றால் காதுக்கு முன்னிருந்து வாயின் ஓரம் வரை, இரண்டு விரலால், மெதுவாக, ஒரே திசையில். தாடையடிச் சுரப்பி என்றால் தாடை மூலையிலிருந்து மோவாய் நோக்கி. நகத்தை வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இன்னொரு கையின் விரலை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, உள்ளும் வெளியுமாகப் பிடித்து முன்னால் தள்ளினால் இன்னும் நன்றாக வரும். முன்னும் பின்னுமாகத் தேய்க்கக் கூடாது. எச்சிலைக் குழாயின் வாய்ப்பக்கம் தள்ளுவதுதான் நோக்கம். தொடவே முடியாத அளவு வலித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, இன்னும் பரிசோதிக்காத கெட்டியான கட்டி இருந்தாலோ நீவாதீர்கள்.

புளிப்பைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. எலுமிச்சைத் துண்டைச் சப்பு என்று ஒருவர் சொல்வார். புளிப்பையே தொடாதே என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் சரி, நேரம்தான் வேறு. கல் அடைத்து, சுரப்பி உப்பி, உயிர் போகிற மாதிரி வலிக்கும்போது புளிப்பைச் சப்பினால் வலி இரட்டிப்பாகும். அன்றைக்கு ரசம், புளிக்குழம்பு, ஊறுகாய் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இட்லி, மோர் இல்லாத குழைந்த சாதம், கஞ்சி என்று போங்கள். வீக்கம் வடிந்த பிறகுதான் புளிப்பு மருந்தாகிறது.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். ஐபூபுரோஃபென் வீக்கத்தையும் குறைக்கும்; ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. ஆன்டிபயாடிக், கிருமி புகுந்த அடையாளம் இருந்தால் மட்டும்: காய்ச்சல், தோல் சிவந்து சூடாக இருப்பது, குழாயின் வாயில் சீழ், சாப்பாட்டுக்குப் பிறகும் வடியாத வீக்கம். அப்போதும் மருத்துவர் எழுதித் தந்ததை, அவர் சொன்ன நாள் வரை. போன தடவை மிச்சமான மூன்று மாத்திரையை இந்தத் தடவைக்கு எடுத்துப் போட்டால் கிருமி அரைகுறையாகச் சாகும், அடுத்த முறை அதே மருந்து கேட்காது.

வீக்கம் இல்லாத நாட்கள்

எச்சில் ஓட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த நாட்களின் வேலை. சொல்லுவது எளிது. காலையில் வண்டியில் ஏறினால் மதியம் வரை இறங்க முடியாத பேருந்து ஓட்டுநரும், கழிப்பறை சரியில்லை என்பதற்காகவே பள்ளியிலும் துணிக்கடையிலும் பந்தோபஸ்து பணியிலும் தண்ணீர் குடிக்காமல் நாளை ஓட்டும் பெண்களும் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்களிடம் 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று சொல்லிவிட்டு நகர்வது அறிவுரை ஆகாது. செய்யக் கூடியதைச் சொல்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும் ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு டம்ளர். வேலையிடத்தில் கழிப்பறைக்குப் போக முடிகிற நேரம் எது என்று பார்த்து, அதற்குச் சற்று முன் ஒரு டம்ளர். மற்ற நேரத்தில் வாய் நனைகிற அளவு ஒவ்வொரு மடக்கு. வீடு திரும்பியதும் மிச்சம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும், லிட்டர் கணக்கு வேண்டாம். இதயம், சிறுநீரகம் பலவீனமாகித் தண்ணீருக்கு அளவு வைத்திருப்பவர்கள் அந்த அளவைத் தாண்டக் கூடாது.

அக்னி நட்சத்திர நாட்களிலும் விரத நாட்களிலும் வீக்கம் கூடுவதைப் பலர் கவனித்திருப்பார்கள். நீர் கூட அருந்தாத விரதம் என்றால், முதல் நாள் இரவும் விரதம் முடித்ததும் நிறைய நீராகாரம் எடுங்கள். நோன்பு திறக்கும்போது முதலில் தண்ணீர், பிறகு பேரீச்சை, அப்புறம்தான் புளிப்பும் காரமும். வறண்ட சுரப்பிக்குத் திடீரென்று எலுமிச்சைச் சாற்றைக் காட்டினால் அங்கேயே இழுத்துப் பிடிக்கும்.

வீக்கம் இல்லாதபோது நாளுக்கு இரண்டு மூன்று தடவை எச்சிலை ஊற விடுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் நல்ல வழி. ஒரு துண்டு நெல்லிக்காயை மெதுவாக மென்று விழுங்கலாம். நாள் முழுவதும் புளிப்பு மிட்டாயை வாயிலேயே அடக்கிக்கொள்ளாதீர்கள். எச்சில் குறைந்த வாயில் அமிலம் பல்லின் எனாமலை அரிக்கும், சர்க்கரை சொத்தையாக்கும். புளிப்பு சாப்பிட்டதும் வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள்; உடனே பிரஷ் போட வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும். இரவு படுக்கும் முன் ஒரு முறை நீவிவிட்டுப் படுங்கள். தூக்கத்தில் எச்சில் ஊறுவது வெகுவாகக் குறையும், தேங்கியது ராத்திரி முழுக்க அப்படியே நிற்கும்.

வாய்ச் சுத்தம் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. இரண்டு வேளை பல் துலக்குங்கள், சொத்தையை அடையுங்கள். புகை, குட்கா, புகையிலை போட்ட வெற்றிலை மூன்றையும் விடுங்கள்.

அலமாரியில் இருக்கும் மாத்திரைகளையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் போடும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள், நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் தரும் அமிட்ரிப்டிலின், ரத்த அழுத்தத்துக்கான 'நீர் மாத்திரை', அடிக்கடி சிறுநீர் வருவதற்குத் தரும் ஆக்சிபியூட்டினின், மனநோய்க்கான சில மருந்துகள், இவையெல்லாம் வாயை உலர்த்தும். நீங்களாக நிறுத்தக் கூடாது. சீட்டை எடுத்துக்கொண்டு போய், 'எனக்குச் சுரப்பி வீங்குகிறது, இதில் மாற்றக் கூடியது எது?' என்று எழுதித் தந்தவரிடமே கேளுங்கள். ஒரு மாத்திரையை மாற்றியதிலேயே தொல்லை பாதியாகக் குறைவது உண்டு.

உடம்பில் நீர் வற்றினால் சுரப்பி என்ன பாடு படும் என்பதற்குப் பழைய உதாரணம் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட். 1881 ஜூலையில் சுடப்பட்டு, வாய் வழியே சரியாகச் சாப்பிட முடியாமல் படுக்கையில் கிடந்தவருக்கு ஆகஸ்டில் காதருகே உள்ள சுரப்பி சீழ் பிடித்து வீங்கியது. செப்டம்பரில் இறந்தார். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களுக்கும் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர்களுக்கும் இன்றும் இது வருகிறது. அவர்களுடைய வாயை ஈரத்துணியால் துடைத்து, ஸ்பூனில் சிறிது சிறிதாக நீர் கொடுப்பது சின்ன வேலையாகத் தோன்றலாம். இந்தச் சீழைத் தடுப்பது அதுதான்.

ஒரு நோட்டும் போன் கேமராவும்

மருத்துவரைப் பார்க்கப் போகும் அன்று வீக்கம் இருக்காது. இந்த நோயின் குணமே அது. அவர் தடவிப் பார்த்து 'ஒன்றும் இல்லையே' என்பார். ஆகவே ஒவ்வொரு தடவையும் எழுதி வையுங்கள்: தேதி, எந்தப் பக்கம், காதருகிலா தாடைக்கு அடியிலா, என்ன சாப்பிடும்போது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது, காய்ச்சல் இருந்ததா, வாயில் உப்புச் சுவை வந்ததா. வீங்கியபோது ஒரே கண்ணாடி முன், ஒரே வெளிச்சத்தில், நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். நான்கைந்து தடவை சேர்ந்தாலே படம் தெளிந்துவிடும். எப்போதும் ஒரே பக்கம், எப்போதும் சாப்பாட்டோடு என்றால் கல்லையோ குழாய்ச் சுருக்கத்தையோ தேடுவார்கள். பக்கம் மாறி மாறி, சாப்பாட்டோடு தொடர்பில்லாமல் என்றால் வேறு திசை. ஆஞ்சியோகிராம், சி.டி. ஸ்கேன் எடுத்த ஒன்றிரண்டு நாளில் இரு பக்கமும் வீங்கியிருந்தால் அதையும் குறியுங்கள். அயோடின் கலந்த சாயத்துக்குச் சிலருடைய சுரப்பி அப்படி நடந்துகொள்ளும். சில நாளில் தானே அடங்கும், அடுத்த ஸ்கேனுக்கு முன் சொல்லிவிட வேண்டும்.

வாயை இறுக்கிக் காற்றை அழுத்தி ஊதும் வேலை செய்கிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள். காற்று குழாய் வழியே பின்னோக்கிப் போய்க் கன்னச் சுரப்பியை உப்ப வைக்கும். கண்ணாடி ஊதுபவர்களுக்கும் காற்றுக் கருவி வாசிப்பவர்களுக்கும் இது வரும் என்பது மருத்துவத்தில் பதிவானது.

ஸ்கேன், கூடை, கத்தி

காட்ட வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். அல்லது முகத்தாடை அறுவை மருத்துவரிடம். முதல் சோதனை பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட். வலியில்லை, கதிர்வீச்சில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல் அதில் தெரியும். தாடையடிக் கற்களில் பெரும்பாலானவை எக்ஸ்ரேயிலும் தெரியும், கன்னச் சுரப்பிக் கற்கள் பல தெரியாது. எக்ஸ்ரே 'நார்மல்' என்று வந்ததால் கல் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தேவைப்பட்டால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.

நாக்குக்கு அடியில், குழாயின் வாயருகே வந்து நிற்கும் கல்லை மரத்துப்போக ஊசி போட்டு, சிறிது கீறி வெளியே எடுத்துவிடலாம். ஊக்கு, பல்குச்சி என்று வீட்டில் கிண்டிப் பார்க்காதீர்கள். குழாயின் வாய் காயப்பட்டு ஆறும்போது சுருங்கிவிடும், கல் போனாலும் அடைப்பு நிற்கும். உள்ளே இருக்கும் சிறு கல்லுக்கு சியாலெண்டோஸ்கோப்பி என்ற முறை 1990-களில் வந்தது. ஏறக்குறைய 0.8 முதல் 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழல் கேமராவை எச்சில் குழாய்க்குள் நுழைத்து, கம்பிக் கூடையால் கல்லைப் பிடித்து இழுப்பார்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் வரை இப்படி வந்துவிடும்; பெரியது என்றால் உடைத்தோ, வாய்க்குள் கீறல் போட்டோ எடுக்க வேண்டும். சுருங்கிய குழாயை அகட்டவும், உள்ளே மருந்து நீர் விட்டுக் கழுவவும் இதே குழல் உதவும். முடிந்த அன்று கன்னம் முன்னைவிடப் பெரிதாக வீங்கும். உள்ளே செலுத்திய உப்பு நீர் அது, ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. எனவே யாராவது எடுத்த எடுப்பில் 'சுரப்பியையே எடுத்துவிடலாம்' என்றால், குழல் முறையில் முடியுமா, அதைச் செய்யும் மருத்துவமனை எது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும், உங்கள் காப்பீட்டிலும் விசாரியுங்கள்.

சுரப்பியை எடுத்தே ஆக வேண்டிய நிலையும் உண்டு: பல ஆண்டுத் தொல்லையில் அது நாராகிப்போயிருந்தால், பெரிய கல் சுரப்பிக்குள்ளேயே புதைந்திருந்தால். ஒன்றை எடுத்தால் வாய் வறண்டுவிடாது, மற்றவை ஈடு கொடுக்கும். நரம்புகளைப் பற்றித்தான் அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். தாடையடியில் கீழுதட்டை அசைக்கும் நரம்பும் நாக்கின் நரம்புகளும் அருகில் ஓடுகின்றன. கன்னச் சுரப்பிக்கு நடுவே முகத்தை அசைக்கும் நரம்பே போகிறது. கன்னத்தில் அறுவை செய்தவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் சாப்பிடும்போது அந்தக் கன்னம் வேர்க்கும். எச்சிலுக்கான நரம்பு இழைகள் தவறிப்போய் வேர்வைச் சுரப்பியோடு இணைந்துகொள்வதால் வருவது அது; பயப்பட ஒன்றுமில்லை, குறைக்க வழி உண்டு.

கல்லும் சுருக்கமும் இல்லாவிட்டால்

மூன்று முதல் ஆறு வயதுக்குள், கன்னம் திரும்பத் திரும்ப வீங்கும் குழந்தைகள் தனி வகை. ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது, லேசான காய்ச்சல், சில நாளில் சரி. ஆண் குழந்தைகளுக்குச் சற்று அதிகம். பெரும்பாலும் பருவ வயதில் தானாக நின்றுவிடும். ஸ்கேனில் அந்த வகைதான் என்று உறுதியானால் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. தண்ணீர், ஒத்தடம், நீவுதல் போதும். அடிக்கடி வந்து பள்ளி கெட்டால் குழாயைக் கழுவிவிடும் முறை பலருக்கு உதவுகிறது. 'அம்மை மாதிரி ஒட்டிக்கொள்ளுமா?' என்று பள்ளியில் கேட்டால், ஒட்டாது என்று மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

நடுத்தர வயதுப் பெண்ணுக்கு இரு கன்னமும் வீங்கி, கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், தண்ணீர் இல்லாமல் தோசை இறங்காத வறட்சி, மூட்டுவலி என்று சேர்ந்து வந்தால் ஜோக்ரன் நோயை நினைக்க வேண்டும். ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஜோக்ரன் 1933-இல் விவரித்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பிகளையே தாக்கும் நோய். ஆண் ஒருவருக்கு வந்தால் பெண்கள் ஒன்பது பேருக்கு வருகிறது. ரத்தச் சோதனை, உள்ளுதட்டிலிருந்து எடுக்கும் சிறு துணுக்குச் சோதனை இரண்டும் உதவும். பார்க்க வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட். எச்சிலைத் தூண்டும் பைலோகார்ப்பின் மாத்திரை சிலருக்குத் தருவார்கள். ஆஸ்துமாவோ கண் அழுத்த நோயோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இவர்களில் சிறு பகுதியினருக்குப் பின்னாளில் நிணநீர்ப் புற்று வரக்கூடும் என்பதால், வடியாமல் நிலைத்துவிட்ட கன்ன வீக்கத்தை 'எப்போதும் வருவதுதானே' என்று விடக்கூடாது.

வலியே இல்லாமல் இரு கன்னமும் மெத்தென்று உப்பி அப்படியே நிற்பது கட்டுப்படாத சர்க்கரை, குடிப்பழக்கம், சத்துக் குறைவு, சாப்பிட்டதை வலிய வாந்தி எடுக்கும் பழக்கம் இவற்றால் வரலாம். எச்.ஐ.வி., காசநோய், சார்காய்டோசிஸ் இவற்றிலும் கன்னச் சுரப்பி வீங்கும். மருத்துவர் எச்.ஐ.வி. சோதனை எழுதினால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஏறாமல் இறங்காமல், வலியில்லாமல், ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக ஒரு கட்டி இருந்தால் அது இந்த அத்தியாயத்தைச் சேர்ந்ததே அல்ல. வாரக்கணக்கில் காத்திருக்காமல் காட்டுங்கள். கன்னச் சுரப்பிக் கட்டிகளில் ஏறக்குறைய பத்தில் எட்டு சாதுவானவை. தாடையடியில் அந்த விகிதம் பாதிக்குப் பாதி. எஃப்.என்.ஏ.சி. என்ற மெல்லிய ஊசிச் சோதனையைச் சொன்னால், 'ஊசி குத்தினால் பரவிவிடும்' என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டுப் பின்வாங்காதீர்கள். அந்த மெல்லிய ஊசியால் பரவுவது மிக மிக அரிது. தாமதத்தால் வரும் ஆபத்து அதைவிடப் பெரியது. கட்டியோடு முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கண்ணை மூட முடியாவிட்டாலோ, மரத்துப்போனாலோ அந்த வாரமே.

அன்றைக்கே ஓட வேண்டிய நிலை வேறு. நடுக்கத்தோடு காய்ச்சல், வாயைத் திறக்க முடியாத இறுக்கம், நாக்கு மேலே தூக்கிக்கொண்டு எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகுவது, குரல் மாறுவது, கழுத்து முழுக்கப் பரவும் வீக்கம், மூச்சுத் திணறல், இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். வாயின் அடித்தளத்தில் பரவும் சீழ் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். 108-ஐ அழையுங்கள், நோயாளியை மல்லாக்கப் படுக்க வைக்காமல் உட்கார வைத்தே கொண்டுபோங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம், எனவே வழியில் காபியோ தண்ணீரோ கொடுக்காதீர்கள்.